தரையில் படாத பாட்டு

"இன்னும் ஒரு விரக்கடை செவுத்துப் பக்கமாத் தள்ளட்டுமா?" என்று நஞ்சப்பன் கேட்கிறான். அவன் கேட்டது என் காதில் விழுந்துவிட்டது, அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, நஞ்சப்பன் ரகசியம் பேசினாலே இரண்டு தெரு தாண்டிக் கேட்கும், இந்த ஆறேழு வருடங்களில் நான் சிரமமில்லாமல் பேசிக்கொண்டிருந்த ஒரே மனிதன் அவன்தான், அப்படியொரு தொண்டையோடு அவனைப் பெற்ற மகராசிக்கு நன்றி. வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்று கையைக் காட்டுகிறேன். ஸ்பீக்கர் பெட்டி ஒவ்வொன்றும் இருபத்தெட்டுக் கிலோ, என் நெஞ்சு உயரம், நான் தொடக் கூடாது. டாக்டர் மீனலோசனி சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார், கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். ஐம்பத்தேழு வயதில் தும்மக் கற்றுக்கொண்டேன். இடது காதில் ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள், உள்ளே வைத்திருந்த கட்டுத்துணியை நேற்று முன்தினம் எடுத்தார்கள், வெளியே அடைத்த பஞ்சு மட்டும் பாக்கி, அதை இன்றைக்கு வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. எடுத்தால் தெரிந்துவிடும். கேட்குமா கேட்காதா என்பது தெரிந்துவிடும். அதற்குத்தான் இத்தனை ஏற்பாடு, பெட்டிக்கு அடியில் கடப்பைக் கல், கல்லுக்கு அடியில் நாலு மூலையிலும் ரப்பர், எங்கள் கம்பெனியில் பம்புசெட்டுக்கு அடியில் கொடுக்கிற அதே வரிப்பள்ளம் போட்ட ரப்பர், நடுவில் தக்கை வைத்தது. கழித்துப் போட்டிருந்ததைக் கேட்டு வாங்கி நஞ்சப்பன் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். அவன் அசெம்ப்ளி, நான் டெஸ்டிங், இருபத்தாறு வருடப் பழக்கம். "ஏம்ப்பா சென்னியப்பா, பாட்டுக் கேக்கற பொட்டிக்கு இத்தன பவுசா? அஞ்சு குதிரை மோட்டாருக்கே நாம இப்பிடி மெத்தை போட்டதில்லையே" என்கிறான். சிரிக்கிறேன். பெட்டி தரையைத் தொடக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டும், தரை எனக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது.

தரையோடு பெட்டியை இறுக்கியதே நான்தான், அதை நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது, அன்றைக்கு அதில் எவ்வளவு கர்வம். பம்புக்காரனுக்கு ஒரு புத்தி உண்டு, எது ஆடினாலும் தரையோடு சேர்த்து முடுக்கிவிடுவான். பம்ப் அதிர்ந்தால் பவுண்டேஷன் போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முடுக்கு, அப்போதும் அதிர்ந்தால் சிமெண்டைக் கரைத்து ஊற்று. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தப் பெட்டிகளை வாங்கியபோது அடியில் திருக நாலு நாலு ஆணிக்கால் கடைக்காரன் கொடுத்தான், கூராக, பம்பரத்து ஆணி மாதிரி. அந்த ஆணியைச் சும்மா தரையில் நிறுத்த எனக்கு மனசு வருமா, மொசைக்கைத் துளைத்து, இரும்புக் கிண்ணி பதித்து, சிமெண்ட் ஊற்றி, ஆணிக்காலை அதில் இறக்கி முடுக்கினேன். சொந்த வீட்டில் ஓட்டை போடுகிற மனிதனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று துளசிமணி தலையில் அடித்துக்கொண்டாள். என் பெண்சாதி துளசிமணிக்குத் தலையில் அடித்துக்கொள்ள நான் குறைவில்லாமல் காரணங்கள் கொடுத்திருக்கிறேன். பாட்டுப் போட்டால் அடுக்களை அலமாரியில் தம்ளர்கள் எல்லாம் கிணுகிணுவென்று சேர்ந்து பாடும், அவள் பழைய சைக்கிள் டியூபைக் கத்தரித்து ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் கொடுத்தாள், யோசித்துப் பார்த்தால் இந்த வீட்டில் முதன்முதலில் ரப்பர் வைத்தவள் அவள்தான், அதுவும் யாரும் சொல்லாமல். நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன், மிருதங்கத்தின் இடந்தலை அடி உள்ளங்காலில் ஏறி முழங்கால் வழியாக நெஞ்சுக்கு வரும். ஆகா, இதல்லவா சத்தம். வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன், அவர்கள் காபியைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது, கொஞ்சம் கொட்டு தூக்கலாக இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள், ரசனை இல்லாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். கீழ்வீட்டு டீச்சர் ஒரே ஒரு தரம் படியில் நிறுத்தி, உங்க மிருதங்கம் எங்க பூஜை ரூம் செவுத்துல நல்லாவே கேக்குதுங்க என்றார், அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன், பன்னிரண்டு வருடம் அந்த அம்மாள் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. எத்தனை பேருடைய பொறுமையின் மேல் என் நாற்காலி நின்றுகொண்டிருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது.

காது போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை, கம்பெனிக்குள் எனக்கு எல்லாம் கேட்டது. இருபது மோட்டார் ஓடுகிற இடத்தில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள், அந்த இரைச்சலுக்குள் நான் மற்றவர்களைவிட நன்றாகவே பேசிக்கொண்டிருந்தேன், இது இந்தக் காது வியாதியின் குணம் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். வீட்டுக்கு வந்தால்தான் கேட்காது. "ஊர்ல எல்லாரு சொல்றதும் கேக்குது, நாஞ் சொல்றது மட்டும் உங்களுக்குக் கேக்கறதில்லைங்க" என்று துளசி எத்தனை தரம் சொல்லியிருப்பாள், அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகில்லை, நான்தான் இது பெண்டாட்டிகள் வழக்கமாகப் பாடும் பாட்டு என்று விட்டுவிட்டேன். இன்னொன்றும் உண்டு, இந்த வியாதிக்காரனுக்குத் தன் குரல் மட்டும் மண்டைக்குள் ஓங்கிக் கேட்கும், அதனால் தாழ்த்தித் தாழ்த்திப் பேசுவான். ஆக, இந்த வீட்டில் நான் பூனை மாதிரிப் பேசினேன், அவள் எனக்குக் கேட்கட்டும் என்று சத்தம் போட்டாள். அக்கம்பக்கத்தில் சென்னியப்பன் பாவம், வாயில்லாப் பூச்சி, அந்தப் பொம்பளைக்குத்தான் நாக்கு நீளம் என்று பேர் ஆகிவிட்டது. டீச்சர் என்னைப் படியில் பார்த்தால் பரிதாபமாகச் சிரிப்பார். துளசிக்கு இது தெரியும். தெரிந்தும் அவள் குரலைத் தாழ்த்தவில்லை, தாழ்த்தினால் எனக்குக் கேட்காது, அதனால் வாய்க்காரி என்ற பேரை வாங்கிக்கொண்டு சத்தமாகவே பேசினாள். நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சை அடைக்கிறது. அடைக்கக் கூடாது, அழுதால் மூக்கில் நீர் வரும், மூக்கைச் சிந்தக் கூடாது.

டாக்டர் ஒரு இரும்புக் கவையை மேசையில் தட்டி என் இடது காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒன்றுமில்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்தினார், கோயில் மணி மாதிரி கேட்டது. மறுபடியும் காதுக்கு வெளியே, ஒன்றுமில்லை. "சார், உள்ள நரம்பு நல்லா இருக்குது. நடுக்காதுல அங்கவடி எலும்புன்னு ஒண்ணு இருக்கும், அரிசியைவிடச் சின்னது, அது ஆடணும், உங்களுக்கு இறுகிப்போச்சு, ஆடறதில்லை. நீங்க இத்தனை நாளும் காதால கேட்டதைவிட எலும்பால கேட்டதுதான் ஜாஸ்தி" என்றார். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று சாயங்காலம்தான், சட்டையைக்கூட மாற்றவில்லை, அந்த வயலின் கச்சேரி சி.டி.யைப் போட்டேன், வழக்கம்போல மிருதங்கம் காலில் ஏறியது, நன்றாகத்தானே கேட்கிறது என்று நினைத்தேன், சும்மா ஒரு சந்தேகம், நாற்காலியில் தலையணையைப் போட்டுச் சம்மணம் கட்டி உட்கார்ந்தேன். கச்சேரி போய்விட்டது. எங்கேயோ அடுத்த ஊரில் நடப்பது மாதிரி ஒரு கீற்று, வலது காதில் மிச்சம் இருந்தது, அவ்வளவுதான். காலைக் கீழே வைத்தேன், கச்சேரி வந்தது. எடுத்தேன், போனது. ஐந்தாறு தரம் அப்படிச் செய்தேன். இந்த ஆறேழு வருடமாக நான் ஆகா ஆகா என்றது எல்லாம் என் உள்ளங்கால் கேட்ட கச்சேரி. அன்றைக்கு எனக்கு வந்த பயத்தை என்னவென்று சொல்வது, மாடிப்படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தால் இன்னும் ஒரு படி இருக்குமே, அந்த மாதிரி இருந்தது. ஆனால் அதே பயத்துக்குள் இன்னொன்றும் இருந்தது, இன்றைக்குத்தான் அதைச் சொல்ல வருகிறது, அந்தத் தரையின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. காது கைவிட்டதை எனக்கே தெரியாமல் கால் தாங்கிக்கொண்டிருந்தது, நான் போட்ட சிமெண்ட்டு, நான் முடுக்கிய ஆணி, என் தப்பே எனக்குத் துணையாக நின்றிருக்கிறது. அது இல்லாவிட்டால் பாட்டுக் கேட்பதையே எப்போதோ விட்டிருப்பேன்.

ஆபரேஷன் மேசையில் மரத்துப்போக ஊசி மட்டும்தான் போட்டார்கள், விழித்துத்தான் இருந்தேன். இறுகிப்போன எலும்பை எடுத்துவிட்டு ஒரு சின்னப் பிஸ்டன் வைக்கப்போகிறோம் என்று டாக்டர் முன்னாலேயே படம் போட்டுக் காட்டியிருந்தார், பிஸ்டன் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது, தெரிந்த சாமானாயிற்றே, என்ன கிளியரன்ஸ் விடுவீர்கள் என்று கேட்டேன், அவர் சிரித்துவிட்டார். ஒன்றையும் அவர் ஒளிக்கவில்லை. நூறு பேரில் ஒருவருக்கு அந்தக் காதில் இருக்கிற கொஞ்சமும் போய்விடலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார், துளசியும் பக்கத்தில் இருந்து கேட்டாள், பேனாவை என் கையில் கொடுத்தவளே அவள்தான். இது நல்லபடி ஆனால் ஆறு மாதம் கழித்து வலது காது, ஆகாவிட்டால் வலதில் கை வைக்கமாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார், ஆகவே இரண்டு காதுக்கும் இன்றைக்குத்தான் தீர்ப்பு. மேசையில் கிடக்கும்போது ஒரு கட்டத்தில் தட்டில் ஏதோ கத்தரியோ இடுக்கியோ விழுந்த சத்தம் கேட்டது. க்ளிங் என்று, அவ்வளவு சுத்தமாக. பிறகு "கேக்குதுங்களா சார்?" என்று டாக்டர் குரல். கேக்குதுங்க என்றேன். உடனே பஞ்சை வைத்து அடைத்துவிட்டார்கள், கதவைச் சாத்தின மாதிரி எல்லாம் போயிற்று. பன்னிரண்டு நாளாக அந்த ஒரு க்ளிங்கைத்தான் வைத்துக்கொண்டு சீவிக்கிறேன். உண்மையாகவே கேட்டதா, இல்லை எலும்பு வழியாக வந்ததா, தலைமாட்டில்தானே தட்டு இருந்தது, மேசை இரும்பு, தட்டும் இரும்பு, மேசையில் என் மண்டை, அப்படியானால் அதுவும் தரை செய்த வேலைதானே. டாக்டர் குரல்? வலது காதில் விழுந்திருக்கலாம். இல்லை, அப்படித்தான் கேட்பார் என்று எதிர்பார்த்துக் கிடந்தேன், எதிர்பார்த்ததைக் கேட்டதாக நினைத்துக்கொண்டிருக்கலாம். துளசியிடம் கேட்டது என்றுதான் சொன்னேன், அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், அப்புறம் அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நஞ்சப்பன் என் தோளைத் தட்டுகிறான், காசு வெச்சுப் பாத்தரலாமா என்கிறான். டெஸ்டிங்கில் நாங்கள் செய்கிற வேலை இது, மீட்டர் என்ன சொன்னாலும் கடைசியில் பழைய கனத்த ஐந்து ரூபாய்க் காசை ஓடுகிற பம்பின் முதுகில் நெட்டுக்குத்தாக நிறுத்துவோம், விழாமல் நின்றால்தான் லாரியில் ஏற்றுவது. நான் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறேன், டாக்டர் அதிகச் சத்தம் ஆகாது என்றிருக்கிறார். அவன் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் காசை நிறுத்திவிட்டு சி.டி.யைப் போடுகிறான். ஆணிக்கால் இருந்த காலத்தில் முதல் அடிக்கே காசு உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விடும், இப்போது நிற்கிறது. மிருதங்கம் அடிப்பது ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் போவதில் தெரிகிறது, காசு அசையவில்லை. வெறுங்காலைத் தரையில் அழுத்திப் பார்க்கிறேன். ஒன்றுமில்லை, தரை வெறும் தரையாக இருக்கிறது, குளிர்ச்சியாக, ஊமையாக. நல்ல வேலை செய்திருக்கிறோம் என்ற திருப்தியும், ஐயோ என்ற பயமும் ஒன்றாக வருகின்றன, நடக்கப் பழகும் பிள்ளை கையை உதறிவிட்டுப் பிறகு திரும்பிப் பார்க்குமே, அப்படி. "டெஸ்ட் பாஸு!" என்று நஞ்சப்பன் கத்துகிறான், பாட்டை நிறுத்திவிட்டுக் கையைத் தட்டி உதறுகிறான். பிறகு என் முகத்தைப் பார்த்து, அவனால் முடிந்தவரை குரலைத் தணித்து, "நா இருக்கட்டுமா, போகட்டுமா?" என்கிறான். போ என்கிறேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை, எது சேதியானாலும் ஷிப்ட் முடிஞ்சு வர்றேன் என்று அடுக்களைப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டான். எப்போது போக வேண்டும் என்று தெரிந்த சிநேகிதன் கிடைப்பது லேசான காரியமில்லை.

மணி பதினொன்று இருபது. துளசி ஹாலுக்கு வரவில்லை. காலையிலிருந்தே வரவில்லை, காபி டம்ளரைக்கூட வாசல்படி ஓரம் நின்று நீட்டிவிட்டுப் போனாள், "ஏனுங்க, இது நெசமாலுமே காதுக்குத்தானா, இல்ல உங்க பொட்டிக்கா?" என்று கேட்டுச் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பயப்படுகிறாள். நானும்தான். வலது காதில் வாசலின் தடவிய பஞ்சை அடைத்தாயிற்று, நாற்காலிக்கு இரண்டு தலையணை, சம்மணம் போட்டாயிற்று, முதுகு நாற்காலிச் சட்டத்தில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாயிற்று. ரிமோட் மடியில். இனி இடது காதுப் பஞ்சை எடுக்க வேண்டியதுதான் பாக்கி. எடுக்கவில்லை. ஜன்னலில் வெயில் எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது. கல்லில் பெட்டியின் நிழல். இந்தக் கடப்பைக் கல்லை அடுக்களை மேடை மாற்றியபோது துளசிதான் எறியவிடாமல் எடுத்து வைத்தாள், ஆகும் ஆகும் என்று, ஆகியிருக்கிறது. கேட்காவிட்டால் என்ன, கம்பெனியில் ஒரு வருடம்தான் பாக்கி, மிஷின் வாங்கி மாட்டிக்கொள்ளலாம், எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டு சந்தோஷமாக இல்லையா. கேட்காவிட்டால் ரப்பரை எடுத்துவிட்டு மறுபடி ஆணிக்காலைப் போட்டுக்கொள்ளலாம், தரை எங்கேயும் போய்விடாது. இப்படிச் சொல்லிக்கொண்டே விரலைக் காதுக்குக் கொண்டுபோகிறேன், கொண்டுபோன விரல் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வருகிறது. சீ, என்ன மனுசன் நீ. ஒரு பெண் டாக்டர் இரண்டு மணி நேரம் குனிந்து நின்று அரிசிக்கும் சின்னதைப் பொருத்தியிருக்கிறார், உனக்குப் பஞ்சை எடுக்க இத்தனை தயக்கம். எடுத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. ரிமோட்டை அழுத்துகிறேன், வட்டு சுற்றுகிற விளக்கு எரிகிறது, சத்தத்தை மிகக் குறைவாக வைத்திருக்கிறேன். கிணற்றுக்குள் ஏதோ நகர்கிற மாதிரி இருக்கிறது. பிறகு சரசரவென்று காகிதம். பிறகு வயலின், ஆம், வயலின்தான், மெல்லிய கம்பி போல இடது பக்கம் நுழைகிறது, இதோ இங்கே கொஞ்சம் நின்று மேலே ஏறும், ஏறுகிறது, இதோ இங்கே மிருதங்கக்காரர் இடந்தலையில் ஒரு கும்கி அடி கொடுப்பார், கொடுக்கிறார். கேட்கிறது! முருகா, கேட்கிறது! கண்ணில் தண்ணீர் வருகிறது, வரட்டும், வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொள்கிறேன். இதோ இங்கே சபையில் ஒருவர் இருமுவார். இருமுகிறார். அங்கேதான் எனக்கு உள்ளே ஏதோ இடறியது. அவர் இருமியதை நான் கேட்டேனா, இருமுவார் என்று எனக்குத் தெரியுமா? நல்ல காது இருந்த காலத்திலிருந்து பன்னிரண்டு வருடமாகப் போட்ட கச்சேரி, ஒவ்வொரு அடியும் மனப்பாடம். வயலின் ஏறும் என்று நான் நினைத்த பிறகுதான் ஏறியது. கும்கி வரும் என்ற பிறகுதான் வந்தது. தரையைப் பிரித்தேன், சரி, ஞாபகத்தை எதன் மேல் தூக்கி வைப்பது? அதற்கு எங்கே ரப்பர்? உள்ளங்கால் என்னை ஆறேழு வருடம் ஏமாற்றியதே, அந்த மாதிரி இப்போது மண்டை ஏமாற்றுகிறதோ, மேசையில் கேட்ட அந்த க்ளிங்கும் அப்படித்தானோ. இன்னும் கவனித்துக் கேட்டேன், கவனிக்கக் கவனிக்க எது வெளியே இருப்பது எது உள்ளே இருப்பது என்று ஒன்றும் புரியவில்லை. புதிய சி.டி. ஒன்றைக்கூட இந்த ஆறு வருடத்தில் நான் வாங்கவில்லை, எப்படி வாங்குவேன், புதியதை எந்தக் காதால் கேட்பேன். ரிமோட்டை அழுத்திப் பாட்டை நிறுத்தினேன். நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பயம் என்றுகூடச் சொல்லமாட்டேன், அசதி. எனக்குத் தெரிந்தது எல்லாம் எனக்குக் கேட்கும், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

அப்போது யாரோ பேசினார்கள். ரேடியோவா, கீழ்வீடா என்று பார்த்தேன். இடது பக்கம். சன்னமான குரல், ஒரு பெண்பிள்ளையின் குரல், தணிவாக, அவசரமில்லாமல், தனக்குத்தானே பேசிக்கொள்கிற குரல், எனக்குப் பழக்கமே இல்லாத குரல். "காய்க்காரி வேரும் மண்ணுமாத்தான் கட்டிக் குடுத்துருக்கறா, கொத்துமல்லியக் கேட்டா பாதி தோட்டத்தையே குடுத்துருக்கறா, கழுவியே கை ஓஞ்சுபோகும்." துளசி. ஆறேழு வருடமாக எனக்கென்று உயர்த்தி உயர்த்திப் பேசிய துளசியின் குரல் இப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது. "பாட்ட நிறுத்திட்டாப்ல இருக்குது. எதுக்கு நிறுத்துனாருன்னு தெரியில. அதுக்குள்ள நிறுத்தற மனுசனா இது. போயிப் பாக்கறதுக்கும் காலு வரமாட்டேங்குது." தண்ணீர் ஓடுகிறது, நிற்கிறது. அந்தக் குழாய் சத்தமும் கேட்கிறது. "கேக்காட்டிப் போச்சாது சாமி. அவரு மூஞ்சி வாடாம இருந்தாப் போதும். காது ரெண்டு பேத்துக்கும் சேத்து எனக்கு இருக்குது, நாங் கேட்டுச் சொல்லிக்கறேன். நாஞ் சத்தம் போடறதா கஷ்டம்." இந்த வார்த்தைகள் எந்த சி.டி.யிலும் இல்லை. இவற்றில் ஒன்றுகூட எனக்கு மனப்பாடமில்லை. அடுத்து என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது, தெரியாமல் கேட்கிறேன், அவள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிகிறது. இதுதான் கேட்பது. எனக்குக் கேட்கிறது. சாமியிடம் அவள் சொன்னதற்குப் பதில் சொல்ல எனக்கு யோக்யதை போதாது, அதனால் கொத்துமல்லிக்குப் பதில் சொன்னேன்.

"வேர வெட்டிப் போட்டுட்டுக் குடுக்கச் சொல்லு, நாளைக்கு."

அடுக்களையில் எல்லாம் நின்றுவிட்டது. முன்னைவிடத் தணிவாக, சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே அவள் குரல் வந்தது.

"யாருகிட்டப் பேசறீங்க?"

"உங்கிட்டத்தான்."

"நா எங்க பேசுனேன்?"

"பாதி தோட்டத்தையே குடுத்துருக்கறான்னியே."

பிறகு மூச்சு மாதிரி, உதட்டை மட்டும் அசைத்தது மாதிரி, இதற்குக் கீழே குரலே கிடையாது என்கிற அளவில் ஒரு சத்தம்.

"இது கேக்குதுங்களா?"

"கேக்குது, துளசி."

நான் சம்மணத்தைக் கலைத்து எழுந்திருப்பதற்குள் அவள் வாசல்படிக்கு வந்துவிட்டாள், ஈரக் கையோடு, கையில் கொத்துமல்லியோடு. முகமெல்லாம் கண்ணீர். என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

"நாசமாப்போற காது," என்றாள் அந்தச் சன்னக் குரலிலேயே. "ஆறு வருசமா உங்களத் திட்டோணும்னா அடுக்களையில நின்னு திட்டிக்குவேன், நிம்மதியா இருந்துச்சு. இனி நா எங்க போயித் திட்டறது?"

"இங்கியே திட்டு," என்றேன். "கேட்டுக்கறேன்."